அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள்: உள்ளடங்கிய படிப்பைத் தேடிச் சேர்வதற்கான வழிகாட்டி

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் உயர்நிலைப் பள்ளிக் காலம் முடியும் தறுவாயில், அடுத்தது என்ன என்று கேட்கும் பெற்றோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு மையம், தனிப் பயிற்சிக்கூடம், வீடு என்ற பதில்களே வெகுகாலமாகக் கிடைத்து வந்தன. இன்று அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு வேறொரு பதிலும் உண்டு. 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோ வழக்கமான பள்ளி டிப்ளமோவோ இல்லாத இம்மாணவர்கள் மற்ற மாணவர்களோடு ஒரே வளாகத்தில் படிப்பதற்கான படிப்புகளை நடத்துகின்றன. இவற்றின் முடிவில் பெரும்பாலும் பட்டம் கிடைப்பதில்லை, சான்றிதழ் கிடைக்கும். காலம் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். பாடம், வேலை அனுபவம், தனித்து வாழும் பழக்கம், நட்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே இப்படிப்பு.

ஆனால் 300 கல்லூரிகளும் ஒரே தரத்தில் இல்லை. ஒரு படிப்பு உண்மையிலேயே உள்ளடங்கியதா என்பதை அதன் பெயரோ விளம்பர ஏடோ சொல்லாது; அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவரின் ஒரு வாரக் கால அட்டவணை சொல்லிவிடும். எந்த நேரத்தில் எந்த அறையில் இருக்கிறார், அப்போது அவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால், தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

சட்டப் பின்னணியைக் கொஞ்சம் அறிந்துகொள்வது

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987-லேயே இத்தகைய ஏற்பாடு தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2002-லும், வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழகம் 2007-லும், அயோவா பல்கலைக்கழகம் 2008-லும், கிளெம்சன் பல்கலைக்கழகம் 2009-லும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2010-லும் தத்தம் படிப்புகளைத் தொடங்கின. இவை பரவுவதற்கு வழி திறந்துவிட்டது 2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம். அறிவுசார் குறைபாடுள்ள மாணவர் என்பவர் யார் என்று அது வரையறுத்தது. அவர்களுக்கான படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அந்த விதிப்படி ஒப்புதல் பெற்ற படிப்பில் சேர்வோருக்கு, பட்டப்படிப்பில் சேராவிட்டாலும், மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்கச் செய்தது. 2010-இல் இத்தகைய படிப்புகளுக்காக 27 நிறுவனங்களுக்கு முதல் சுற்று மானியம் வழங்கப்பட்டது. அப்போது முதல் இத்துறையின் தேசிய ஒருங்கிணைப்பு மையமாகச் செயல்படுவது, பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் திங்க் காலேஜ் என்னும் அமைப்பு. மாநில வாரியாகப் படிப்புகளைத் தேடும் வசதி அதன் இணையதளத்தில் உள்ளது. தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒப்புதல் பெற்ற இப்படிப்புகளை ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக சி.டி.பி. என்பார்கள். இதைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் உதவித்தொகைக் கதவு திறப்பதும் மூடுவதும் இந்த ஒப்புதலைப் பொறுத்தே. சி.டி.பி. படிப்பில் மாணவரின் பங்கேற்பில் குறைந்தது பாதியேனும் குறைபாடில்லாத மாணவர்களோடோ பணியாளர்களோடோ சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட மதிப்பு) உள்ள வகுப்பு, கிரெடிட் இல்லாமல் உட்கார்ந்து கற்கும் வகுப்பு, பொதுவான பணியிடத்தில் இன்டர்ன்ஷிப் ஆகியவை எல்லாம் இந்தப் பாதிக் கணக்கில் சேரும். பாதி என்பது சட்டம் விதித்த கீழ்வரம்பு என்பதை மறக்க வேண்டாம். அந்த வரம்பைத் தொட்டதோடு நின்றுவிடும் படிப்புகளும் உண்டு, அதைத் தாண்டி முழுவதையும் பொது வகுப்புகளிலேயே நடத்தும் படிப்புகளும் உண்டு.

கால அட்டவணையைப் படிக்கும் முறை

கல்லூரியை நேரில் பார்க்கச் செல்லும்போது பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெயரை மறைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் இந்த வார அட்டவணையைக் காட்ட முடியுமா?" என்பது. நல்ல படிப்பை நடத்துபவர்கள் தயங்காமல் காட்டுவார்கள். ஒன்றுக்கு இரண்டாக, வெவ்வேறு ஆர்வம் கொண்ட இரு மாணவர்களின் அட்டவணைகளைக் கேட்பது இன்னும் நல்லது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தால், அங்கே மாணவரின் விருப்பத்தைக் கேட்டு அட்டவணை போடுவதில்லை, அட்டவணையில் மாணவரைப் பொருத்துகிறார்கள் என்று பொருள்.

அட்டவணையில் சமையல், பண மேலாண்மை, சமூகத் திறன் என்ற பெயர்களில், அதே படிப்பின் மாணவர்கள் மட்டுமே அமரும் வகுப்புகள் எத்தனை மணி நேரம் இருக்கின்றன என்று கூட்டிப் பாருங்கள். அத்தகைய வகுப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்; சில மாணவர்களுக்கு முதல் பருவத்தில் அது ஒரு பிடிமானமாக இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டில் இருந்த அளவே கடைசி ஆண்டிலும் இருந்தால், கல்லூரி வளாகத்துக்குள் ஒரு தனிச் சிறப்புப் பள்ளி நடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். பண மேலாண்மையை அறைக்குள் பாடமாகக் கற்பதைவிட, உணவகத்தில் தன் அட்டையைத் தானே கொடுத்து, மாத இறுதியில் மீதம் எவ்வளவு என்று ஒருவர் உடனிருக்கப் பார்ப்பதில் கற்பது அதிகம்.

பொது வகுப்புகளைப் பொறுத்தவரை, மாணவர் கிரெடிட்டுக்காகப் படிக்கிறாரா அல்லது ஆடிட் முறையில், அதாவது கிரெடிட் பெறாமல் வகுப்பில் பங்கேற்கிறாரா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடிட் முறை தாழ்ந்தது அல்ல. கிரெடிட்டுக்காகப் படிக்கும்போது பாடத்தின் அடிப்படைத் தேவைகளை மாற்ற இயலாது. தேர்வுக்குக் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க உதவி போன்ற வசதிகள் மட்டுமே கிடைக்கும். ஆடிட் முறையில் பேராசிரியரும் படிப்பின் பணியாளரும் மாணவரும் அமர்ந்து, இந்தப் பாடத்திலிருந்து இவர் எதைக் கற்பார், எதைச் செய்து காட்டுவார் என்று ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ள முடியும். பதினைந்து பக்கக் கட்டுரைக்குப் பதிலாக ஐந்து படங்களும் அவற்றின் விளக்கமும் என்றோ, எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக வாய்மொழித் தேர்வு என்றோ அது அமையலாம். எனவே அடுத்த கேள்வி: அந்த உடன்படிக்கை எழுத்தில் இருக்கிறதா, அதன்படி மாணவர் என்ன செய்தார் என்று யாரேனும் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்களா? உடன்படிக்கையே இல்லாமல் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்துவிட்டு வருவதை உள்ளடங்கிய கல்வி என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பிள்ளையின் நேரத்தையும் குடும்பத்தின் பணத்தையும் வீணாக்குவது. அதைவிட, தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்ற எண்ணத்தை அந்தப் பிள்ளையின் மனத்தில் ஊன்றுவது.

அட்டவணையின் வெற்றிடங்களும் முக்கியம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையிலான நேரத்தில், மாலையில், சனி ஞாயிறில் மாணவர் என்ன செய்கிறார்? பெரும்பாலான படிப்புகளில் உடன் பயிலும் மாணவர்கள் வழித்துணையாக நியமிக்கப்படுகிறார்கள். இவர்கள் பாடத்துக்கு உதவுவதோடு, உணவருந்தவும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் உடன் செல்வார்கள். இந்த ஏற்பாடு நல்லது. ஆனால் மாணவரின் எல்லாத் தொடர்புகளும் ஊதியம் பெறும் துணைவர்களோடு மட்டுமே இருந்தால், ஊதியம் நிற்கும் நாளில் அவரைச் சுற்றி யாரும் இருக்கமாட்டார்கள். கல்லூரியின் மாணவர் சங்கங்களில் இப்படிப்பின் மாணவர்கள் உறுப்பினராக முடியுமா, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்ற மாணவர்களுக்குள்ள அதே அடையாள அட்டை, அதே மின்னஞ்சல் முகவரி, அதே நூலக உரிமை, அதே பட்டமளிப்பு மேடை இவர்களுக்கும் உண்டா என்பதையும் கேளுங்கள். சிறியவையாகத் தோன்றும் இவையே, ஒரு நிறுவனம் இம்மாணவர்களைத் தன்னவர்களாகக் கருதுகிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

விடுதி வசதி எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இருக்கும் இடங்களிலும் சிலவற்றில் இம்மாணவர்கள் ஒரே தளத்தில் சேர்த்து வைக்கப்படுகிறார்கள். சிலவற்றில், வெஸ்டர்ன் கரோலினாவில் போல, பொது விடுதிகளில் மற்ற மாணவர்களோடு வசிக்கிறார்கள். இரவில் உதவி தேவைப்பட்டால் யாரை அழைப்பது, வலிப்பு போன்ற மருத்துவ நிலை உள்ளவருக்கு என்ன ஏற்பாடு, மருந்தை யார் நினைவூட்டுவது என்பவற்றை நேரடியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கும் பொறுப்பைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. வீட்டிலிருந்து நாள்தோறும் சென்றுவரும் சமுதாயக் கல்லூரிப் படிப்பு, சில குடும்பங்களுக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமானது.

வேலையைப் பற்றிக் கேட்கும்போது, "எத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது" என்று மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். படிக்கும் காலத்திலேயே ஊதியத்துடன் வேலை செய்தவர்கள் எத்தனை பேர், அந்த வேலைகள் எவை, மாணவரின் ஆர்வத்துக்கேற்ப அவை வேறுபட்டனவா, பொதுப் பணியிடத்தில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் கொடுத்தார்களா என்று கேளுங்கள். குழந்தைகளை விரும்பும் பெண்ணும் கணினியை விரும்பும் இளைஞனும் ஒரே உணவகத்தில் மேசை துடைக்க அனுப்பப்படுகிறார்கள் என்றால், அந்தக் கல்லூரியில் தொழில் வழிகாட்டல் நடக்கவில்லை.

பள்ளிக் காலத்திலேயே தொடங்க வேண்டியவை

ஐ.டி.இ.ஏ. எனப்படும் சிறப்புக் கல்விச் சட்டத்தின்படி, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான மாற்றத் திட்டம், பிள்ளைக்கு 16 வயதாகும்போது ஐ.இ.பி. எனும் தனிநபர் கல்வித் திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். சில மாநிலங்கள் இதை 14 வயதிலேயே தொடங்குகின்றன; உங்கள் மாநிலம் தொடங்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். அந்தத் திட்டத்தில் "பள்ளிக்குப் பிறகு கல்லூரி" என்ற இலக்கு வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். எழுதப்படாத இலக்குக்காகப் பள்ளி எந்த முயற்சியும் எடுக்காது. "உங்கள் பிள்ளைக்குக் கல்லூரி சாத்தியமில்லை" என்று கூட்டத்தில் யாரேனும் சொன்னால், மனம் தளராமல், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உங்கள் மாநிலத்தில் உள்ள படிப்புகளின் பட்டியலையும் மேசைமேல் வையுங்கள். சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பல ஆசிரியர்களுக்கு இப்படிப்புகள் இருப்பதே தெரியாது.

இந்த இலக்கு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மூத்த மகன் பொறியியல் படித்ததால் இளையவளுக்கும் ஒரு கல்லூரிப் பெயர் வேண்டும் என்ற எண்ணம் குடும்பங்களில் இயல்பாக எழுவதுதான், அதில் பாசமும் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு வேண்டாத கல்லூரியில் எந்த ஆதரவும் பயன் தராது. அவள் சொற்களால் சொல்ல இயலாதவளாக இருந்தாலும், இரண்டு மூன்று வளாகங்களுக்கு அழைத்துச் சென்று, எந்த இடத்தில் தங்க விரும்பினாள், எங்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள் என்று பார்த்தால் விடை கிடைக்கும். படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். அவளை நன்கு அறிந்த ஆசிரியர், அக்கா, பக்கத்து வீட்டு நண்பர் ஆகியோரைச் சேர்த்து, அவளுக்கு எது பிடிக்கும், எது அச்சம் தரும், எந்த உதவி இருந்தால் நன்றாகச் செய்கிறாள் என்று அவள் முன்னிலையிலேயே பேசி ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னர் சேர்க்கை நேர்காணலுக்கும் முதல் வார அறிமுகத்துக்கும் அந்த ஒரு பக்கம், தடித்த மருத்துவக் கோப்பைவிட அதிகம் உதவும்.

கல்லூரிக்கு முன் எத்தனை பக்கம் வாசிக்கத் தெரிய வேண்டும் என்றே பெற்றோர் கவலைப்படுகிறார்கள். உரை வாசிக்கும் மென்பொருளும் பேசினால் எழுதித்தரும் வசதியும் கைப்பேசியிலேயே இருக்கும் காலத்தில், வாசிப்பைவிட வேறு சில பழக்கங்கள் தீர்மானகரமானவை. அலாரம் வைத்துத் தானே எழுவது, கைப்பேசியை மின்னூட்டி எப்போதும் உடன் வைத்திருப்பது, வந்த குறுஞ்செய்திக்குப் பதில் எழுதுவது, ஒரு மணி நேரம் யாரும் கண்காணிக்காமல் இருப்பது, வழி தவறினால் நின்று ஒருவரைக் கேட்பது, தன் உடலையும் அந்தரங்கத்தையும் பற்றி "வேண்டாம்" என்று சொல்வது, பிறர் "வேண்டாம்" என்றால் நிற்பது ஆகியவை அவற்றுள் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி கேட்பது. "எனக்கு இது புரியவில்லை, மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்லத் தெரிந்த மாணவர், கல்லூரியின் முதல் பருவத்தைத் தாண்டிவிடுவார். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பசிக்குமுன் சோறு வந்துவிடுகிறது. கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. 15 வயதிலிருந்தேனும் அந்தத் தேவையை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். ஐ.இ.பி. கூட்டத்தில் தன்னைப் பற்றிய முதல் இரண்டு நிமிடங்களைப் பிள்ளையே பேசட்டும்.

ஆவணங்களில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வழக்கமான டிப்ளமோவைப் பெற்றவுடன் ஐ.டி.இ.ஏ. உரிமைகள் முடிந்துவிடும். டிப்ளமோ பெறாத பிள்ளைக்கு, பெரும்பாலான மாநிலங்களில் 21 அல்லது 22 வயது வரை பள்ளி மாவட்டம் சேவை அளிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பள்ளி மாவட்டத்தின் செலவிலேயே கல்லூரி வளாகத்தில் படிக்கும் இரட்டைச் சேர்க்கை ஏற்பாடு சில இடங்களில் உண்டு. மாசச்சூசெட்ஸ் மாநிலம் இதை 2007 முதல் நடத்துகிறது. எனவே டிப்ளமோவுக்குக் கையெழுத்திடும் முன், அதனால் எதை இழக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள். இரண்டு, பள்ளி மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மறுமதிப்பீட்டை, "தேவையில்லை என்று இருதரப்பும் ஒப்புக்கொள்வோம்" என்று பள்ளி கேட்டால், பள்ளியை விட்டு வெளியேறும் முன் வரும் கடைசி மறுமதிப்பீட்டின்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லூரிகள் அண்மைக்கால மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்கும். வெளியில் செய்தால் செலவு அதிகம். ஐ.இ.பி.யில் பிள்ளையின் வகைப்பாடு ஆட்டிசம் என்றிருந்தாலும், அறிவுத்திறனிலும் அன்றாடத் திறன்களிலும் கணிசமான குறைபாடு இருப்பதை அறிக்கை காட்டினால் சட்டத்தின் வரையறைக்குள் வரலாம். பள்ளியை விட்டு வெளியேறும்போது தரவேண்டிய செயல்திறன் சுருக்க அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரி வாசலில் மாறும் உரிமைகள்

பள்ளியில் பிள்ளை வெற்றி பெறுவதற்கான சேவைகளை வழங்குவது பள்ளியின் கடமை. கல்லூரியில் ஐ.டி.இ.ஏ. சட்டம் இல்லை. 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பாகுபாட்டைத் தடுத்து, நியாயமான வசதிகளுக்கு வழிசெய்கின்றன. ஆனால் அவற்றை மாணவரே கேட்க வேண்டும், சான்று காட்ட வேண்டும். மாணவருக்கு 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ அவருடைய கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கே போய்விடும். மாணவர் எழுத்தில் ஒப்புதல் தந்தால் பொறுப்பாளர் பெற்றோரோடு பேசலாம். எவற்றைப் பகிரலாம், எவற்றைப் பகிர வேண்டாம் என்று அந்தப் படிவத்தில் பிள்ளையோடு அமர்ந்து குறியுங்கள். சில செய்திகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவர் விரும்பினால் அதையும் மதியுங்கள்.

18 வயதில் நீதிமன்றம் சென்று முழுப் பாதுகாவலர் உரிமை பெறுவது கட்டாயம் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். கட்டாயம் இல்லை. தன் முடிவுகளைத் தானே எடுக்கும் சட்ட உரிமையை மாணவரிடமே விட்டு, அவர் நம்பும் சிலர் விளக்கி உதவும் ஆதரவுடன் கூடிய முடிவெடுத்தல் என்னும் முறைக்கு, 2015-இல் டெக்சாஸ் முதலாவதாகச் சட்டம் இயற்றியது. பின்னர் பல மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன. மருத்துவத்துக்கும் பணத்துக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்வது இன்னொரு வழி. எது பொருந்தும் என்பதை இத்துறை அறிந்த வழக்கறிஞரிடம் 17 வயதிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம்

செலவு கல்லூரிக்குக் கல்லூரி மிகவும் வேறுபடும். வழக்கமான கல்விக் கட்டணத்தின்மேல் ஆதரவுச் சேவைக்கென்று தனிக் கட்டணமும் இருக்கும். இரண்டையும் பிரித்து எழுதித்தரச் சொல்லுங்கள்.

சி.டி.பி. ஒப்புதல் உள்ள படிப்பில் சேர்பவர் ஃபாஃப்சா எனும் மத்திய அரசின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பினால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, பெல் கிராண்ட் எனும் திருப்பிச் செலுத்த வேண்டாத மானியத்தைப் பெறலாம். 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். துணை மானியமும் வளாக வேலைத் திட்டமும் கிடைக்கலாம். மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்காது. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கள் இவற்றுக்குத் தகுதியுடையவர்கள். எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குத் தகுதி இல்லை, ஊதிய வேலைக்கும் அனுமதி இல்லை. பெற்றோரைச் சார்ந்த எச்-4 நிலை 21 வயதில் முடிந்துவிடும் என்பதால், இப்படிப்புகளின் நடுவே அது குறுக்கிடும். குடியேற்ற வழக்கறிஞரைப் பிள்ளைக்கு 17 வயது ஆகும்போதே கலந்துகொள்வது, கல்லூரித் தேடலின் ஒரு பகுதி என்றே கருதுங்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் தொழில் மறுவாழ்வுத் துறை உண்டு. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்துறைகள் தங்களுக்கு வரும் மத்திய நிதியில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளி மாணவர்களின் வேலைக்கு முந்தைய சேவைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அச்சேவைகளுள் ஒன்றாக, இத்தகைய கல்லூரிப் படிப்புகளில் சேர்வது குறித்த ஆலோசனையையும் அச்சட்டமே குறிப்பிடுகிறது. ஆகவே அந்த அலுவலரைப் பள்ளியின் ஐ.இ.பி. கூட்டத்துக்கே அழைக்கலாம். சில மாநிலங்களில் இத்துறை கட்டணத்தில் ஒரு பங்கையும் ஏற்கிறது. மெடிகெய்டு எனும் அரசு மருத்துவக் காப்பீட்டின் விலக்குத் திட்டத்தின் (வெய்வர்) வழியாகத் தனித்து வாழும் பயிற்சிக்கும் வேலைப் பயிற்சியாளருக்கும் பணம் கிடைக்கும் இடங்கள் உண்டு. அதற்கான காத்திருப்புப் பட்டியல் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், பிள்ளை சிறுவயதாக இருக்கும்போதே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். ஃபுளோரிடாவிலும் டென்னசியிலும் இம்மாணவர்களுக்கென்றே மாநில உதவித்தொகை உள்ளது.

எஸ்.எஸ்.ஐ. எனும் மாத உதவிக்கு, 18 வயதுக்குப் பின் பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. சிறுவயதில் மறுக்கப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. இந்த உதவி பெறுபவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது என்பதால், பாட்டியோ மாமாவோ அன்போடு பிள்ளை பெயரில் போடும் பணம் உதவியையே நிறுத்திவிடக்கூடும். இதற்கென உருவானதே ஏபிள் எனும் சேமிப்புக் கணக்கு. 2014-இல் சட்டமான இதில், முதல் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேராது, கல்விக் கட்டணத்துக்கும் எடுக்கலாம். 26 வயதுக்கு முன் தொடங்கிய குறைபாடு என்ற நிபந்தனை 2026 ஜனவரி முதல் 46 வயதாகத் தளர்த்தப்பட்டது. கல்லூரியில் வாரம் குறைந்தது எட்டு மணி நேரம் படிக்கும் 22 வயதுக்குட்பட்ட மாணவர் ஈட்டும் ஊதியத்தில் ஒரு பகுதிக்கும் விலக்கு உண்டு. ஆகவே உதவி போய்விடும் என்று அஞ்சிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருக்க வேண்டியதில்லை.

விண்ணப்பமும் அதற்குப் பின்னும்

இடங்கள் குறைவு என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் மதிப்பீட்டு அறிக்கை, ஐ.இ.பி., பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு, மாணவரே பேசும் சிறு காணொளியைச் சில கல்லூரிகள் கேட்கும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் உரையாக அதைப் படமெடுக்க வேண்டாம். தான் வளர்க்கும் செடியைக் காட்டி இரண்டு சொல் சொன்னாலும், தொடர்புப் பலகையில் படத்தைத் தொட்டுக் காட்டினாலும் போதும். அவரைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். நேர்காணலில் கேள்வி பிள்ளையிடம் கேட்கப்படும்போது பெற்றோர் பதில் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். அந்த அமைதி பத்து விநாடி நீண்டாலும் அதைப் பொறுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்தே, இப்பிள்ளை தனித்து இயங்க இடமளிக்கப்படுவாரா என்று தேர்வுக் குழு அறிந்துகொள்கிறது.

சேர்ந்தபின் முதல் ஆறு வாரங்கள் கடினமானவை. வீட்டு நினைவு, தூக்கக் குறைவு, தவறவிட்ட வகுப்பு எல்லாம் வரும். மற்ற முதலாண்டு மாணவர்களுக்கும் வருபவையே இவை. நாளுக்கு எத்தனை முறை அழைப்பது என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, பேராசிரியருக்கு அவர் பெயரில் நீங்கள் எழுதுவது கூடாது. இதற்கு மாறாக, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவருடைய கால அட்டவணையை மட்டும் கேட்டுப் பாருங்கள். பொது வகுப்புகளின் மணி நேரம் முந்தைய பருவத்தைவிடக் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். உதவித்தொகை தொடர்வதற்குக் கல்லூரி வகுத்துள்ள முன்னேற்ற விதி என்ன, பிள்ளை அதை நிறைவு செய்கிறாரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசி ஆண்டு தொடங்கும்போது, படிப்பின் பொறுப்பாளர், தொழில் மறுவாழ்வுத் துறை அலுவலர், மாணவர் மூவரும் ஒரே கூட்டத்தில் அமர வேண்டும். வளாகத்தில் அவருக்குக் கிடைத்துவந்த வேலைப் பயிற்சியாளரின் உதவி, படிப்பு முடிந்த மறுநாள் முதல் யார் பொறுப்பில், யார் செலவில் தொடரும் என்பதை அக்கூட்டத்தில் முடிவு செய்து எழுத்தில் பெறுங்கள். கடைசிப் பருவத்தின் வேலையிடம், படிப்புக்குப் பின் அவர் வசிக்கப்போகும் ஊரிலேயே, பேருந்திலோ வேறு வழியிலோ அவரால் தனியே சென்றுவரக்கூடிய தொலைவில் அமைவது நல்லது. முன்னாள் மாணவர்களுக்கு எத்தனை ஆண்டு வரை கல்லூரி ஆலோசனை தருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தொடர்பு எண்ணை மாணவரின் கைப்பேசியில் அவர் கையாலேயே பதியச் செய்யுங்கள்.